தண்ணீர் வால்வை மூடி வாடகை வாங்க வேண்டாம்: எங்கள் நகர் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர்கள் அனைவருக்கும்,

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானம் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை தராத போர்ஷனுக்குச் சங்கத்து பிளம்பரை அனுப்பித் தண்ணீர் வால்வை மூடுவது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் எல்லோரும் ஒரே மாதிரி பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது. வடமாநிலத்துக்காரர்களுக்கும் தனியாக வரும் பெண்களுக்கும் வீடு தராமல் இருப்பது. இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் வைத்துக்கொள்வது. பாக்கி வைத்தவர்களின் போட்டோவையும் ஆதார் நகலையும் குரூப்பில் போட்டு மற்றவர்களை எச்சரிப்பது. கடைசி வரியில் "அனைத்து உரிமையாளர்களும் ஏகமனதாக" என்றும் இருக்கிறது.

ஏகமனதாக இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், கையைத் தூக்கவில்லை. எழுந்து பேசப் போனபோது "அக்கா, நேரமாயிடுச்சு, அப்புறம் பேசிக்கலாம்" என்று உட்கார வைத்துவிட்டீர்கள். அடுத்த மாதமே அமலுக்கு வரும் என்கிறீர்கள். அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

நானும் வாடகையை நம்பி இருப்பவள்தான். கீழே இரண்டு, மேலே இரண்டு என நாலு போர்ஷன். கீழ்த்தளம் என் கணவர் இங்கே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபவுண்டரி வேலையில் இருந்தபோது கட்டியது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு வாங்கிய மனை, பத்திரத்தில் இன்னும் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. மாடி வங்கிக் கடனில் எழும்பியது, அதன் தவணை வாடகையிலிருந்துதான் போகிறது. 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்கள். நம் மாதிரி மாநகராட்சியில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1800-ஐத் தாண்டினால் 100 சதவீதம். அது போதாதென்று 2024-இல் இன்னும் 6 சதவீதம் கூடியது. மோட்டார் காயில் எரிந்தால் நம் செலவு, செப்டிக் டேங்க் லாரி வந்தால் நம் செலவு. ஒரு போர்ஷன் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் எனக்கும் கையைக் கடிக்கும். ஆகவே "இந்த அம்மாவுக்கு என்ன, தர்மம் பேசுது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாடகை ஒழுங்காக வர வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. நீங்கள் பிடித்திருக்கும் வழியில் அது வராது என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்த வால்வு. நம் நகரில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற என மற்ற எல்லாவற்றுக்கும் சங்கத்து போர்வெல்தான். அதை மூடினால் வாடகை தர வேண்டிய ஆள் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார், அங்கே அவருக்குத் தண்ணீர் இருக்கும். வீட்டில் மாட்டிக்கொள்வது அவர் பெண்டாட்டியும் பிள்ளைகளும். அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துப் போர்ஷனுக்கு வருவார்கள். ஒழுங்காக வாடகை கொடுத்தவரின் தண்ணீர் இரண்டு வீட்டுக்குப் போகும், அப்புறம் அந்த இரண்டு குடும்பத்துக்கும் சண்டை, பஞ்சாயத்துக்கு நம்மைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே காம்பவுண்டில் நாலு குடும்பத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கூட்டத்தில் யாரும் கேட்கவே இல்லை. சிலர் இன்னும் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது போய்விட்டது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20-ஆவது பிரிவைப் படியுங்கள். தண்ணீர், மின்சாரம், நடைபாதை விளக்கு, மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி, இவற்றை வீட்டுக்காரர் தானாகவோ வேறு ஆளை வைத்தோ நிறுத்தக் கூடாது. மீறினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அவர் டெபுடி கலெக்டர் தரத்துக்குக் குறையாதவர். உடனே இணைப்பைக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம், அபராதமும் போடலாம். இரண்டு மாதம் பாக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்த ஆள் ஒரே நாளில் புகார்தாரர் ஆகிவிடுவார், நாம் பதில் சொல்லும் இடத்தில் நிற்போம். சங்கத்து பிளம்பரையும் அதில் இழுத்துவிடுவீர்கள். அவர் என்ன பாவம் செய்தார்?

அடுத்து, அந்த 5-ஆம் தேதி. இதை யார் முன்மொழிந்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அவர் வீட்டில் யாரும் கம்பெனிச் சம்பளம் வாங்கவில்லை என்று மட்டும் தெரிகிறது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7-ஆம் தேதிக்குள், அதற்கு மேல் இருந்தால் 10-ஆம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்றுதான் 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வைத்தது. நம் ஊர் கம்பெனிகளின் பழக்கம் அதையொட்டி வந்ததுதான். காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குக் கம்பெனி காண்ட்ராக்டருக்குக் கொடுத்து, காண்ட்ராக்டர் கணக்குப் பார்த்து, அதற்கப்புறம் கையில் வரும். நம் வீடுகளில் குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சிப்காட்டையோ அதைச் சுற்றியிருக்கும் பட்டறைகளையோ நம்பி இருப்பவர்கள். சம்பளம் வராத தேதியில் வாடகை கேட்டால் எங்கிருந்து வரும்? கைமாற்று வாங்கித் தருவார்கள், அல்லது பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். என் வீட்டில் கடைசித் தேதி 12. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 8-ஆம் தேதியிலிருந்தே ஜிபே சத்தம் வர ஆரம்பித்துவிடும். தவணைக்கு வங்கியில் 15-ஆம் தேதி கேட்டு வாங்கிக்கொண்டேன், கேட்டால் தருகிறார்கள்.

இனி அட்வான்ஸ். இதில்தான் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டியிருக்கிறது.

"அத்திப்பள்ளியைத் தாண்டினா பத்து மாசம் வாங்குறாங்க, நாம மட்டும் ஏன் மூணு மாசம் வாங்கணும்" என்று கேட்டீர்கள். அந்தப் பத்து மாதத்தைப் புரட்ட முடியாமல்தானே பாதிப் பேர் கர்நாடக எல்லையைத் தாண்டி நம்மிடம் வருகிறார்கள். தினமும் இங்கிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓசூருக்கு இருக்கும் அந்த ஒரு அனுகூலத்தையும் நாமே கெடுத்துக்கொண்டால், 'டு லெட்' போர்டு வெயிலில் வெளுக்கும்வரை தொங்கும்.

சட்டத்தின் 11-ஆவது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்று ஒரு வாசகமும் அதில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பேசலாம். ஆனால் அது வீட்டுக்காரரும் வாடகைதாரரும் தங்களுக்குள் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். சங்கம் கூடி இத்தனை பேரும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று முடிவெடுப்பது அதில் சேராது.

சட்டத்தை விடுங்கள். கணக்கைப் பாருங்கள். 7,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாதம் என்றால் 70,000. காண்ட்ராக்ட் வேலைக்காரர் கையில் அது இருக்காது. குழுக் கடன் வாங்குவார், இல்லை வட்டிக்கு வாங்குவார். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார், வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். நாம் மாதம் ஒரு தடவை கேட்கிறவர்கள். இருக்கிற காசு யாருக்குப் போகும்? அட்வான்ஸை ஏற்றினால் வாடகை பத்திரமாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். அந்த அட்வான்ஸுக்காக வாங்கிய கடன்தான் வாடகையைத் தின்னும்.

அப்புறம், வாங்கிய அட்வான்ஸ் எங்கே இருக்கிறது? யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், நம் தெருவில் எத்தனை பேருடைய அட்வான்ஸ் வங்கியில் இருக்கிறது? மாடித் தளத்துக்கு டைல்ஸாகவும், மகள் கல்யாணத்துக்கு நகையாகவும் போய்விட்டது. காலி செய்கிறவர் கேட்கும்போது "அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்" என்கிறோம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் இருந்தால் பிடித்துக்கொண்டு, மீதியைத் தர வேண்டும் என்பது அதே 11-ஆவது பிரிவு. மூன்று மாதத்தையே புரட்ட முடியாமல் இழுத்தடிக்கிறவர்கள் பத்து மாதத்தை எப்படித் திருப்புவீர்கள்? பெரிய அட்வான்ஸ் நம் தலையில் ஏறும் கடன். வட்டி இல்லாததால் அது கடனாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை வாடகைதாரர்களும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். என் கீழ் போர்ஷனில் ஒருவர் இருந்தார். மனை வாங்கி விற்கும் தொழில், கார் இருந்தது, பேச்சு தேனாக இருக்கும். "அட்வான்ஸ் சேர்த்தே தர்றேன்க்கா, வாடகையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று அவரே வந்து கொடுத்தார். சில மாதம் சரியாகத்தான் கொடுத்தார். அப்புறம் கேட்டால் "அட்வான்ஸ்லதான் இருக்கே, கழிச்சுக்குங்க" என்பார். கழித்துக் கழித்து அது தீர்ந்தும் போயிற்று. ஆள் மட்டும் போகவில்லை. கரண்ட் பில்லும் நான்தான் கட்டினேன். தமிழ் ஆள்தான், நம்ம பக்கத்து ஆள்தான், குடும்பத்தோடு இருந்தவர்தான். உங்கள் தீர்மானத்தில் இருக்கும் எந்த வடிகட்டியிலும் அவர் நின்றிருக்க மாட்டார், நேராக உள்ளே வந்திருப்பார்.

அதே சமயம் மாடியில் ஒடிசாப் பையன்கள் இருந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை உத்தரவும் வந்தது. கேட்கவும் முடியாது, கேட்டாலும் அவர்களிடம் இல்லை. ரயில் விட்டதும் சாமான்களை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். போனது போனதுதான் என்று எல்லோரும் சொன்னீர்கள். திரும்பி வந்து, ஒரு மாத வாடகையோடு பழைய பாக்கியில் ஆயிரம், இரண்டாயிரம் என்று சேர்த்து அனுப்பிக் கணக்கை முடித்தார்கள். அதற்காக வடக்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பாக்கி வைக்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

வடமாநிலத்துக்காரர்களால் நமக்கு வந்த நிஜமான தொல்லை எது என்று பொறுமையாக யோசித்துப் பாருங்கள். ஒரு காண்ட்ராக்டர் வந்து வீடு கேட்பார். நாலு பேர் என்பார். ஷிப்டு மாற்றி ஷிப்டு பத்துப் பன்னிரண்டு பேர் படுத்து எழுந்திருப்பார்கள். தொட்டி நிரம்பும், தண்ணீர் தீரும். ஒரு நாள் அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்துவிடும், ஆட்களை வேறு ஊருக்கு வேனில் ஏற்றிவிடுவார்கள். பாக்கியைக் கேட்கலாம் என்று போன் செய்தால் எண் உபயோகத்தில் இருக்காது. இதில் அந்தப் பையன்கள் மேல் என்ன தப்பு? அவர்கள் சம்பளத்தில் வாடகை என்று ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். மாட்ட வேண்டியவர் காண்ட்ராக்டர். அவர் பெயரிலேயே ஒப்பந்தம் போடுங்கள், எத்தனை பேர் தங்கலாம், யார் யார் என்று பெயரோடு எழுதுங்கள், ஆள் மாறினால் எழுதித் தர வேண்டும் என்று போடுங்கள். வாடகைதாரர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து வையுங்கள். அதைச் செய்யச் சோம்பல்பட்டுவிட்டு, பீகார்க்காரனுக்கு வீடு இல்லை என்று சொல்வது சுலபமாக இருக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. என் மாடிப் பையன்களின் ஊரிலிருந்து அம்மாக்கள் போனில் அழுதார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு இதே சங்கம்தான் "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று இந்தியில் நோட்டீஸ் ஒட்டியது. அந்த நோட்டீஸின் கிழிந்த ஒரு மூலை பால் பூத் சுவரில் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூருக்கு வந்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். சேலம், வேலூர், திருவண்ணாமலை, ஆந்திரப் பக்கம் குப்பம் என்று மூட்டையோடு வந்து இறங்கியவர்கள். பாதி வீட்டில் இன்றைக்கும் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. யார் வெளியூர்க்காரர் என்ற கேள்வியை இந்த ஊரில் ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? வீடு கேட்டு வருகிறவரிடம் "சொந்த ஊர் எது, எந்தப் பக்கம், என்ன ஆளுங்க" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் துழாவுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. தீர்மானத்தில் அது எழுதப்படவில்லை. எழுதாமலே நடந்துகொண்டிருக்கிறது.

தனியாக வரும் பெண்களுக்கு வீடு இல்லை என்பதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இன்று ஓசூரைச் சுற்றி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலைக்கு எடுப்பதே பெரும்பாலும் பெண்களைத்தான். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, பர்கூர் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள்தான் அதில் நிறைய. ஹாஸ்டலில் இடம் பிடிக்காதவர்கள், தங்கையைக் கூட்டிவந்து படிக்க வைக்கிறவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்து வாடகைக்கு இவர்களைப் போல நிம்மதி தருகிறவர்கள் கிடையாது. சம்பளம் வந்ததும் முதல் வேலையாக அனுப்பிவிடுவார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். "பொண்ணுங்கன்னா பிரச்சினை வரும்" என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். பிரச்சினை யார் செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. எதிர் டீக்கடையில் நின்று மாடியை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு தீர்மானம் போடுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

கேட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டாம் ஷிப்டு முடிவதே இரவு பத்து மணிக்கு. பஸ் பிடித்து வந்து மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வர பத்தரையோ பதினொன்றோ ஆகும். அந்த நேரத்தில் கேட் பூட்டியிருந்தால் அந்தப் பெண் தெருவில் நின்று வீட்டுக்காரருக்கு போன் அடிக்க வேண்டும். நீங்கள் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. இரவில் தீ விபத்து ஏதாவது என்றால், உள்ளே இருப்பவர்களின் சாவி வீட்டுக்காரர் தலையணைக்கு அடியில் இருக்கும். ஆளுக்கொரு சாவி கொடுங்கள், அவ்வளவுதான்.

போட்டோ, ஆதார் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. இருநூறு பேர் இருக்கும் குரூப் ரகசியம் ஆகாது. ஒரு பெண்ணின் போட்டோவை "பாக்கிக்காரி" என்று போட்டுவிட்டு, அது எந்தெந்த குரூப்புக்குப் போகிறது என்று உங்களால் பிடித்து நிறுத்த முடியுமா? சிலர் ஒரிஜினல் ஆதார் கார்டையே வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தீர்மானத்தில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய ஒன்று கரண்ட் பில். வாடகைச் சண்டை என்று நாம் சொல்கிறவற்றில் நிறைய கரண்ட் சண்டைதான். கட்டடம் முழுவதற்கும் ஒரே மின் இணைப்பு (சர்வீஸ்) வைத்துக்கொண்டு, சப் மீட்டரில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய் என்று வாங்குகிறோம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இலிருந்து இருக்கிறது. அது தங்களுக்கு ஏன் வரவில்லை என்று வாடகைதாரர் கேட்கிறார், நமக்குப் பதில் இல்லை. நாலு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டும், தாண்டினால் கட்டண அடுக்கு மாறி எல்லோருக்கும் ஏறும். அந்த ஏற்றத்தை நம்மால் விளக்கிச் சொல்லவும் முடியாது, அவர்கள் நம்பவும் மாட்டார்கள். மின்சாரத்தை லாபத்துக்கு விற்க நமக்கு லைசென்ஸும் கிடையாது. நான் போர்ஷனுக்கு ஒரு சர்வீஸ் வாங்கினேன். டெபாசிட், வயரிங் என்று செலவு பிடித்தது உண்மைதான். பில் அவரவர் போனுக்கே போகிறது, அவரவரே கட்டுகிறார்கள். அதற்கப்புறம் கரண்டைப் பற்றி என் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும்: "சரி, தண்ணியும் மூடக் கூடாது, அட்வான்ஸும் ஏத்தக் கூடாது, பாக்கி வச்சா என்னதான் பண்றது?"

சட்டத்தில் நமக்கும் ஆயுதம் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி ஆகி, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையென்றால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம், 21-ஆவது பிரிவு. ஆனால் அதற்கு நம் கையில் எழுத்து வேண்டும். நம்மில் பலரிடம் இருப்பது பழைய பத்திரத்தில் டைப் அடித்த பதினோரு மாத அக்ரிமெண்ட். சிலரிடம் அதுவும் இல்லை, வாய் வார்த்தைதான். ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்துக்குப் பயந்து வந்த பழக்கம் அந்தப் பதினோரு மாதம். 2017-ஆம் வருடத்துச் சட்டத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். பதிவு எண் கிடைக்கும். பதிவே செய்யாமல் போய் நின்றால் பலவீனம் நம் பக்கம்தான்.

பதிவு செய்தால் வருமான வரி வரும், சொத்து வரியில் காட்ட வேண்டும் என்று கூட்டத்தில் முணுமுணுத்தீர்கள். அந்தப் பயத்தில் ஒப்பந்தத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, பாக்கி வந்ததும் வால்வை மூடுகிறோம். அரசுக்குத் தெரியக் கூடாது என்று நாம் மறைத்தால், அந்த ஆளைக் காலி செய்ய அதே அரசிடம் எப்படிப் போவது?

என் வழக்கம் இதுதான். குடிவரும்போது பெயர், ஆள் எண்ணிக்கை, வாடகை, எப்போது எவ்வளவு ஏறும், பெயிண்டுக்கு எவ்வளவு பிடித்தம் எல்லாம் எழுத்தில். பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதில்லை, ஆன செலவின் பில்லைக் காட்டிப் பிடிக்கிறேன். வாடகை ஜிபேயில் வாங்குகிறேன், ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கொடுக்கிறேன். 12 தாண்டினால் போன். 20 தாண்டினால் நேரில், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, வாசலில் நின்று கத்தாமல். வேலை போயிருந்தால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதி வாங்குகிறேன். இரண்டாவது மாதமும் அப்படியென்றால் வக்கீல் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போய்விடும், அதில் நான் யாருக்கும் இரக்கம் பார்ப்பதில்லை. அந்தக் கார்க்காரரும் நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகுதான் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

தண்ணீர் வால்வை மூடும் தீர்மானத்தை அமலுக்கு வருவதற்கு முன்பே ரத்து செய்து, ரத்து செய்ததை அதே குரூப்பில் எழுத்தில் போடுங்கள். பிளம்பரிடமும் நேரில் சொல்லுங்கள். ஊரைப் பார்த்தும், பெண் என்று பார்த்தும் வீடு மறுக்கும் வரிகளை முழுவதுமாக நீக்குங்கள். பத்து மாத அட்வான்ஸைக் கட்டாயமாக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம் என்று வேண்டுமானால் தீர்மானம் போடுங்கள். கடைசித் தேதியை அவரவர் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுங்கள். கேட்டுக்கு வாடகைதாரர்களிடமும் சாவி இருக்கட்டும். இதுவரை குரூப்பில் போட்ட போட்டோக்களையும் ஆதார் நகல்களையும் போட்டவர்களே அழிக்கட்டும்.

சந்தாப் பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலையும் கணினி தெரிந்த ஒரு பிள்ளையையும் சங்க அலுவலகத்தில் உட்கார வையுங்கள். எல்லோருடைய ஒப்பந்தத்தையும் புதிதாக எழுதிப் பதிவு செய்துவிடலாம். லேப்டாப் என் மகளுடையதைக் கொண்டு வருகிறேன். காண்ட்ராக்டர்களோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஒரு பொது மாதிரியும் அன்றைக்கே தயார் செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வாடகைதாரர்கள் தரப்பில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக வையுங்கள், டீக்கு முன்பு.

இவற்றில் எதுவும் முடியாது என்றால், "ஏகமனதாக" என்பதை அடித்துவிட்டு, எதிர்த்தவர் பெயரில் என் பெயரை எழுதுங்கள். என் நாலு போர்ஷனுக்கும் போகும் வால்வை யார் தொட்டாலும், என் வாடகைதாரருக்கு முன்பு வாடகை அதிகாரியிடம் மனு கொடுப்பது நானாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெரு, நாலு போர்ஷன் வீட்டுக்காரி
பாகலூர் ரோடு, ஓசூர்